கருவாடு வாங்க எட்டுக் கேள்வி

போன கிழமை அலுவலகத்துக்குத் தேத்தண்ணிக்கு வந்தபோது, நீங்கள் கட்டிக்கொண்டிருந்த வலைப்பக்கம் ஒன்றை எனக்குக் காட்டினீர்கள். ஒரு சோடி பாடசாலைச் சப்பாத்து வாங்க பதினொரு பெட்டி நிரப்ப வேண்டும். ஒவ்வொரு பெட்டிக்குப் பக்கத்திலும் ஒரு சிவப்பு நட்சத்திரம். ஏன் இத்தனை என்று கேட்டேன். "டேற்றா பிறகு உதவும் அண்ணை" என்றீர்கள். ஓய்வு பெற்றவன் அந்த இடத்திலேயே பதில் சொன்னால் அடுத்த முறை தேத்தண்ணிக்குக் கூப்பிடமாட்டார்கள். அதனால் வீட்டுக்கு வந்து, கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, இதை எழுதுகிறேன்.

நான் பத்தாம் வகுப்போடு நின்றவன் என்பது உங்களில் சிலருக்குத் தெரியும். சண்டைக் காலத்தில், திருகோணமலைத் துறைமுகத்துக்குப் போகிற வீதியில், மாடியில் இயங்கிய ஒரு தனியார் கற்கை நிலையத்தில் கணினி லாப் பொறுப்பாளராக இருந்தனான். பல்கலைக்கழகப் பட்டத்துக்கு வெளிவாரியாகப் படிக்கிற பிள்ளைகள் வருவார்கள். வலைத்தளம் கட்டுவது இறுதி வருடத்தில் ஒரு பாடம். விரிவுரையாளர் சனிக்கிழமை கண்டியிலிருந்து பஸ்ஸில் வருவார், அதாவது பாதை திறந்திருந்தால் வருவார். திறக்காத சனிக்கிழமைகள்தான் கூட. ஆகவே பட்டப்படிப்பின் கணிசமான பகுதியை, பிள்ளைகள் குப்பைக்கூடையில் போட்ட அச்சுத்தாள்களைப் படித்து வலைத்தளம் பழகிய நான் திருத்தினேன். கல்வித் தரம் பற்றி அப்போது யாரும் முறைப்பாடு செய்யவில்லை. முறைப்பாடு செய்ய வேறு விசயங்கள் நிறைய இருந்தன.

ஐந்து கணினி, ஒரு தொலைபேசி இணைப்பு. கரண்ட் வருகிற நேரம் வரும். வராத நேரத்தில் பிள்ளைகள் கொப்பியில் பேனையால் கோட் எழுதுவார்கள். கரண்ட் வந்ததும் பாய்ந்து விழுந்து அடிப்பார்கள். இணையத்தையே காணாமல் இணையத்தைப் படித்தோம், கடலைக் காணாதவன் நீந்தப் பழகுவது போல என்று சொல்ல வாய் வருகிறது. ஆனால் எங்களுக்குக் கடல் யன்னலுக்கு வெளியே இருந்தது. படையினர் தருகிற பாஸ் இல்லாமல் அதில் இறங்கத்தான் ஏலாது.

ரிஸானா தோப்பூர்ப் பிள்ளை. திங்கட்கிழமை விடிய பஸ்ஸில் மூதூர் வந்து, லோஞ்ச் படகு ஏறிக் குடாவைத் தாண்டி, எங்கள் பக்கம் இறங்குவாள். கிழமை நாட்களில் நகரில் சின்னம்மா முறையான சாச்சி வீட்டில் தங்குவாள். இறங்குதுறையில் ஒரு படிவம், சாச்சி வீட்டில் தங்குவதற்குப் பொலிசில் ஒரு படிவம், சனிக்கிழமை பின்னேரம் திரும்பிப் போகும்போது இன்னொன்று. அந்தக் காலத்தில் எல்லோரும் நிரப்பினோம். பல் விளக்குவதைப் போல ஒரு வேலை அது, அதைப் பற்றி ஒருவரும் கதைப்பதில்லை.

அவளுடைய வாப்பா வயல் செய்கிறவர். அதிகம் பேசாத மனுசன். ஆனால் பேசினால் அதில் திருத்தம் கிடையாது. "இந்த வருசத்தோட சரி மகள். பாஸோ ஃபெயிலோ, இனி லோஞ்ச் இல்ல" என்று சொல்லிவிட்டார். அவரைக் குறை சொல்ல ஏலாது. அந்த ஆண்டு லோஞ்ச் ஓடிய நாட்களை விட ஓடாத நாட்களைத்தான் நாங்கள் நினைவில் வைத்திருந்தோம். பரீட்சையைத் திரும்ப எழுத அடுத்த ஆண்டு வரை நிற்க வேண்டும், அடுத்த ஆண்டு என்பது அவளுக்கு இல்லை. ஆகவே இறுதி வருட வலைத்தளச் செயற்றிட்டத்தில் தேற வேண்டும், அதுவும் அந்த முறையே.

செயற்றிட்டத்துக்கு உண்மையான ஒரு வாடிக்கையாளர் வேண்டும் என்பது விதி. நான் சல்லிக் கிராமத்தில் கருவாடு போடுகிற என் மச்சாளைப் பிடித்துக் கொடுத்தேன். என் மனைவியின் அக்கா. மச்சாளுடைய கருவாடு லண்டனுக்கும் கனடாவுக்கும் போகும், யாராவது ஊருக்கு வந்து திரும்பும்போது பெட்டிக்குள் உடுப்புக்கு நடுவில் வைத்து. அந்த ஆட்கள் அங்கேயிருந்து கேட்டுச் சொல்வதற்கு ஒரு தளம். நல்ல யோசனை. என்னுடையது என்பதால் சொல்லவில்லை.

ரிஸானா இரண்டு மாதம் உழைத்தாள். முகப்பில் பாயில் காயும் கருவாட்டின் படம். உள்ளே போனால் வாங்குவதற்கான படிவம். அந்தப் படிவத்தை அவள் எனக்குக் காட்டிய நாள் நல்ல ஞாபகம். முழுப்பெயர். தகப்பன் பெயர். அடையாள அட்டை இலக்கம். நிரந்தர முகவரி. தற்போதைய முகவரி. வீட்டிலுள்ளோர் தொகை. எட்டாவதாக, தங்கும் நாட்கள். இவை எல்லாவற்றுக்கும் கீழே, சின்னதாக, என்ன கருவாடு, எத்தனை கிலோ.

ஏழாவதை விட்டுவிட்டேன் பாருங்கள். அது அவள் காட்டும்போது இருக்கவில்லை. நான்தான் கண்ணாடியை மூக்கில் ஏற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னேன்: "ஒண்டு குறையுது பிள்ளை. வருகையின் நோக்கம் எங்க?"

"ஐயோ, ஓம் அண்ணே" என்று நாக்கைக் கடித்துக்கொண்டு அதையும் போட்டாள்.

இதில் அவளுடைய பெருமை அடையாள அட்டை இலக்கத்தைச் சரிபார்க்கிற பகுதி. ஒன்பது எண், பின்னால் ஓர் எழுத்து. கூடினாலும் குறைந்தாலும் பிடித்துவிடும். பிடித்ததும் திரையில் சிவப்பில் வரும்: "விபரம் பிழை. திரும்பிச் செல்லவும்." இரண்டு கிழமை கொப்பியில் எழுதி எழுதி அழித்துச் செய்த வேலை. நான் வேண்டுமென்று பிழையான இலக்கங்களை அடித்துப் பார்த்தேன். ஒன்றும் தப்பவில்லை. சோதனைச் சாவடிச் சென்றியில் நிற்பவனை விடத் திறம் என்று புகழ்ந்தேன். புகழ்ந்தபோதும் எனக்கு எதுவும் தட்டுப்படவில்லை.

மச்சாளுக்குக் காட்ட வேண்டுமே. கணினியைத் தூக்கிக்கொண்டு சல்லிக்குப் போக முடியாது, வழியில் மூன்று இடத்தில் விளக்கம் சொல்ல வேண்டும். அச்சடித்துக் கொண்டுபோனேன். பிரிண்டரில் மை முடிகிற தறுவாய், மிச்சம் பிடிக்கலாம் என்று முகப்பை மட்டும் அடித்தேன், படிவத்தை விட்டுவிட்டேன். மச்சாள் படத்தைப் பார்த்துவிட்டு, "என்ர பாயை இவ்வளவு வெளிச்சமா நான் காணேல்ல" என்று சொல்லி அதைக் குசினிச் சுவரில் ஒட்டிவிட்டார். வாடிக்கையாளர் ஒப்புதல் பெறப்பட்டது என்று நான் எழுதிக் கையெழுத்தும் வைத்தேன்.

பரீட்சகர் கொழும்பிலிருந்து வாடகை வான் ஒன்றில் ரோட்டால் வந்தார். ஐம்பது வயதுத் தமிழ் அம்மா, பருத்திச் சேலை, வேகமான பேச்சு. இரண்டு மணிக்கு முன் வெளிக்கிடாவிட்டால் பாதை மூடிவிடும் என்று வான்காரர் வாசலிலேயே நின்று கைமணிக்கூட்டைக் காட்டிக்கொண்டிருந்தார். ரிஸானாவின் முறை பதினொன்றரைக்கு வந்தது.

"சரி, நான் ரொறொன்ரோவில இருக்கிற ஒரு ஆள்" என்று பரீட்சகர் கணினிக்கு முன் உட்கார்ந்தார். "எனக்குக் கருவாடு வேணும்." பெயரை அடித்தார். இரண்டாவது பெட்டியில் நின்றார். "என்ட அப்பா காலமாகிப் பத்து வருசம். அவர்ட பேரும் வேணுமா?"

ரிஸானா தலையாட்டினாள். "ஓம் மேடம், கட்டாயம்."

அடித்தார். அடையாள அட்டைப் பெட்டியில் போடக் கனடாக்காரியிடம் என்ன இருக்கும்? ஏதோ இலக்கத்தைப் போட்டார். திரை சிவந்தது. விபரம் பிழை. திரும்பிச் செல்லவும்.

"எங்க திரும்பிச் செல்ல?" என்று பரீட்சகர் கேட்டார். "நான் ரொறொன்ரோவில என்ட வீட்டில இருக்கிறேனே."

பின்னால் காத்திருந்த பிள்ளைகள் சிரிக்கவில்லை. அவர்களில் மூன்று பேருடைய பக்கங்களிலும் தகப்பன் பெயர் இருந்தது. சத்தமில்லாமல் கணினிப் பக்கம் நகரத் தொடங்கினார்கள்.

"மகள், கருவாடு விக்கிறதுக்கு வருகையின் நோக்கம் எதுக்கு?"

ரிஸானா யோசித்தாள். அவள் பொய் சொல்லத் தெரியாத பிள்ளை, அந்த நேரத்தில் அது எனக்குப் பெரிய குறையாகப் பட்டது. "ஃபோம் எண்டா அப்பிடித்தானே மேடம்."

"நீங்க கடையில சாமான் வாங்கக்குள்ள இதெல்லாம் கேப்பாங்களா?"

"இல்ல மேடம். ஆனா கடையில ஃபோம் தாறல்லியே. ஃபோம் தாற இடத்தில இதத்தானே கேப்பாங்க. நான் நிரப்பின எல்லாத்திலயும் இதுதான் இருந்திச்சு."

பரீட்சகர் பேனையை மேசையில் வைத்தார். கோபமா வேறெதுவுமா என்று எனக்குப் பிடிபடவில்லை. "இத வேற யாரும் பாக்கல்லியா?"

பரீட்சை நேரத்தில் லாப் பொறுப்பாளர் வாய் திறக்கக்கூடாது. ஆனாலும் திறந்தேன். "நான் பார்த்தனான் மேடம்."

"பாத்து?"

"அந்த ஏழாவது கேள்வி நான் சொல்லித்தான் போட்டது."

அவர் என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தார். "நீங்க லெக்சரரா?"

"இல்லை, லாப் பொறுப்பு."

"அப்ப லாபைப் பாத்துக்கொள்ளுங்க." ரிஸானாவிடம் திரும்பினார். "மற்றவங்களப் பாத்து முடிக்க மத்தியானம் ஒரு மணியாகிடும். அதுக்குள்ள எனக்குக் கருவாடு வாங்க ஏலுமெண்டா வாங்குறேன். ஏலாதெண்டா இப்ப பாத்ததுக்குத்தான் மார்க்ஸ்."

இப்போது பாருங்கள், இதுதான் நான் உங்களுக்குச் சொல்ல வந்த இடம். ஒன்றேகால் மணித்தியாலம். ஜெனரேற்றரில் அதற்கு மட்டுமட்டாக டீசல். ஒரு பிள்ளையின் மூன்று வருடம் ஒரு திரையில் சிவப்பாக நிற்கிறது. "அழி பிள்ளை, எல்லாத்தையும் அழி" என்றேன். பிறகு, "பேரை விடு. முகவரியை விடு. அடையாள அட்டை நம்பரையும் விட்டுவை, ஒருவேளை தேவைப்படும்" என்றேன். ஆருக்கு, எதற்கு ஒருவேளை தேவைப்படும்? பழகிய கை பழகியதைப் பிடித்துக்கொண்டு நின்றது, அவ்வளவுதான்.

ரிஸானா விசைப்பலகையிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "அண்ணே, எத அழிக்கிறதெண்டு எனக்கும் தெரியல்ல, உங்களுக்கும் தெரியல்ல. தெரிஞ்ச ஆளக் கேப்பம்."

"ஆரை?"

"சல்லி அக்காவ."

மச்சாள் வீட்டில் போன் கிடையாது. கோயிலடிக் கடைக்கு எடுத்துச் சொன்னால், கடைக்காரர் சைக்கிளில் போய்க் கூட்டிவர வேண்டும். நேரம் ஓடுகிறது, இவள் போன் எடுக்கச் சொல்கிறாள். ஆனால் எனக்கு வேறு வழியும் தெரியவில்லை. மோடத்தின் வயரைக் கழற்றித் தொலைபேசியில் செருகினேன். கடைக்காரர் போய் மச்சாளைக் கூட்டிவர இருபது நிமிடம். அந்த இருபது நிமிடமும் ரிஸானா சும்மா இருந்தாள். நான்தான் இரண்டு பேருக்கும் சேர்த்து நடந்தேன்.

மச்சாள் மூச்சு வாங்க வந்து போனைப் பிடித்தார். கேட்கட்டும் என்று நானும் ரிஸீவருக்குப் பக்கத்தில் காதை வைத்தேன். ரிஸானா எட்டுக் கேள்வியையும் வாசித்தாள். அங்கிருந்து ஓம், ஓம் என்று சத்தம் வந்தது. வீட்டிலுள்ளோர் தொகையில் சத்தம் நின்றது.

"பிள்ளை, இது கருவாடு வாங்கிற தாளோ, கலியாணம் பேசுற தாளோ?"

ரிஸானா அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தாள். "அப்ப நீங்க என்ன கேப்பீங்க அக்கா?"

"நான் என்னத்தைக் கேக்கிறது. குழம்புக்கோ பொரிக்கவோ எண்டு கேப்பன். குழம்பெண்டால் கட்டா, பொரிக்கிறதெண்டால் நெத்தலி. வீட்டில பிரசர்க்காரர் இருக்கினமோ எண்டு கேப்பன், இருந்தால் உப்புக் குறைஞ்சதாப் பாத்து எடுப்பன். ஆரிட்டைக் குடுத்து விடுறதெண்டு கேப்பன். வேறை என்ன?"

"பேரு?"

"குரலிலை தெரியும்தானே."

"தெரியாத ஆள் எண்டா அக்கா?"

"தெரியாத ஆளெண்டால், தான் ஆருடைய பிள்ளையெண்டு அவரே சொல்லுவார். நான் கேட்டால் சொல்லமாட்டார்."

போனை வைத்துவிட்டு ரிஸானா கொப்பியில் நான்கு வரி எழுதினாள். பிறகு கணினியில் இருந்த எட்டையும் அழித்தாள். இரண்டு கிழமை உழைத்த அந்த இலக்கம் பார்க்கிற பகுதி உட்பட. அவள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஒரு மணிக்குப் பரீட்சகர் வந்து உட்கார்ந்தார். குழம்புக்கா, பொரிக்கவா? பொரிக்க என்றார், திரை நெத்தலியைக் காட்டியது. உப்புக் குறைவாக வேண்டுமா? வேண்டும் என்றார். யாரிடம் கொடுத்து விட? ஒரு பெயரை அடித்தார். உங்கள் பெயர்? அடித்தார். "நன்றி. எடுத்து வைக்கிறோம்" என்று வந்தது.

பரீட்சகர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார்: "இந்தக் கேள்விகள் யார் யோசிச்சது?"

நான்தான் என்று சொல் பிள்ளை என்று மனதுக்குள் கத்தினேன். செயற்றிட்டம் தனிவேலையாக இருக்க வேண்டும் என்பது விதி.

"சல்லி அக்கா மேடம். நான் டைப் பண்ணினன்."

பரீட்சகர் ஏதோ எழுதினார். எழுதியதைக் கையால் மறைத்தார். வான்காரர் ஹோர்ன் அடித்தார். அவ்வளவுதான்.

ரிஸானாவோடு நான் ஒரு கிழமை மனஸ்தாபமாக இருந்தேன். உண்மை பேச வேறு நாள் கிடைக்கவில்லையா என்று கேட்டேன். "அவங்க கேட்டாங்களே அண்ணே" என்றாள். பல வருடம் கழித்துத்தான் எனக்கு விளங்கியது, அந்தப் பிள்ளை அன்றைக்கு ஒரே பழக்கத்தைத்தான் இரண்டு தடவை காட்டினாள். தெரியாததைத் தெரியாது என்று சொல்வது, தெரிந்தவர் யாரென்றும் சொல்வது. பதினெட்டு வருடம் இந்தத் தொழிலில் உங்களோடும் உங்களுக்கு முன் வந்தவர்களோடும் இருந்தேன். நெருக்கடியில் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தவர்களை விரல் விட்டு எண்ணலாம்.

பரீட்சைப் பெறுபேறு வருவதற்குள் குடாவின் அக்கரையில் சண்டை தொடங்கிவிட்டது. மூதூர், தோப்பூர்ப் பக்கத்துச் சனம் கையில் அகப்பட்டதோடு வெளிக்கிட்டது. ரிஸானா வீட்டார் கந்தளாயில் ஒரு பாடசாலையில் இருப்பதாக அவளுடைய சாச்சி சொன்னார். எங்கள் நிலையம் பாதி மூடிக் கிடந்தது. அந்த நாட்களில் ஒன்றில்தான் ரிஸானாவின் பெயருக்குப் பெறுபேற்றுக் கடிதம் வந்தது. பிரித்துப் பார்க்கக் கை உன்னியது. பார்த்துவிட்டு ஃபெயில் என்றால் கொண்டுபோகாமல் விட்டுவிடுவேன் என்று எனக்கு என்னைத் தெரியும். ஆகவே பிரிக்காமலே பஸ் ஏறினேன்.

பாடசாலை வாசலில் மரநிழலில் அவளுடைய வாப்பா இருந்தார். என்னைக் கண்டு எழும்பினார். "லோஞ்ச் வேணாம் எண்டு மகளத்தான் மறிச்சன் தம்பி. இப்ப ஊரே வெளிக்கிட்டு வந்திட்டு" என்றார். என் கையிலிருந்த கடிதத்தைப் பார்த்தார். உள்ளே கை காட்டினார்.

உள்ளே மண்டபத்தில் இரண்டு மேசை. ஒன்றில் அதிகாரிமார் பதிவு எடுத்தார்கள். முழுப்பெயர், தகப்பன் பெயர், அடையாள அட்டை. வரிசை வெயில் வரை நீண்டு கிடந்தது. அடையாள அட்டை வீட்டோடு எரிந்துபோனவர்கள் அங்கே என்ன சொல்வதென்று தெரியாமல் நின்றார்கள். மற்றது பிள்ளைகள் உட்கார்ந்து படிக்கிற சின்ன வாங்கு மேசை. அங்கே ரிஸானா. அவளிடமும் வரிசை இருந்தது, ஆனால் நகர்ந்தது. அவள் கேட்டது மூன்றுதான். யாரைத் தேடுகிறீர்கள், கடைசியாக எங்கே கண்டீர்கள், இங்கே எந்த வகுப்பறையில் இருக்கிறீர்கள். எழுதிய தாள்களைப் பின்சுவரில், தேடப்படுகிறவரின் பெயர் வரிசைப்படி ஒட்டியிருந்தாள். சனம் வந்து சுவரில் தன் பெயரைத் தேடிப் பார்த்தது. நான் நின்ற நேரத்துக்குள் ஒரு மனுசன் சுவரைப் பார்த்துவிட்டு நாலாம் வகுப்பறைக்கு ஓடினார். இந்த உத்தியோகத்தில் நான் கண்ட தளங்களுக்குள் பாவனையாளர் தேடியது உடனே கிடைத்த முதலாவது தளம் அது. கரண்டும் தேவைப்படவில்லை.

"அண்ணே, நீங்களும் இடம்பெயர்ந்து வந்திருக்கீங்களா, ஆளத் தேடி வந்திருக்கீங்களா?" என்றாள். கடிதத்தை நீட்டினேன்.

உறையின் ஒட்டை நகத்தால் மெதுவாகக் கிளப்பினாள். கிழித்தால் என்ன, இந்த நேரத்தில் என்ன பொறுமை என்று எனக்குப் பதறியது. கடிதத்தை எடுத்து வாசித்தாள்.

"என்ன பிள்ளை?"

"பாஸ் அண்ணே. கடைசித் தரம்தான், ஆனா பாஸ்." இன்னொரு வரியை வாசித்தாள். "முன்னமே அச்சடிச்சுக் குடுத்த அறிக்கையில இருந்த, அடையாள அட்டை நம்பர் செக் பண்ணின கோடுக்கு முழு மார்க்ஸாம்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. எனக்குச் சிரிப்பும் வரவில்லை, மற்றதும் வரவில்லை. கடிதத்தை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். மேசையைப் பார்த்தாள், எழுதத் தாள் முடிந்திருந்தது. உறையின் மற்ற ஒட்டுகளையும் கவனமாகப் பிரித்து, தட்டையாக விரித்து, வெள்ளைப் பக்கத்தை மேலே போட்டுக் கையால் தடவி நேராக்கினாள்.

கைக்குழந்தையோடு நின்ற பெண்ணை நிமிர்ந்து பார்த்தாள். "வாங்க ராத்தா. யாரத் தேடுறீங்க?"